கடுதாசி படிக்கிற பய

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா தங்கச்சிமடம். பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போற வழியில, பஸ் ஜன்னல்ல தலையை வெச்சுத் தூங்கிட்டு வந்தீங்கன்னா கவனிக்காமலே தாண்டிப் போயிருப்பீங்க. கலாம் நினைவிடம் இருக்கிற பேய்க்கரும்பு எங்க ஊரை ஒட்டித்தான் இருக்கு. 2017ல அதைத் திறந்ததுக்கு அப்புறம் டூரிஸ்ட் பஸ் எல்லாம் அங்க நிக்குது. அதுக்கு முன்னாடி எங்களுக்கு இருந்த பெருமை ரெண்டே ரெண்டு. ஒண்ணு மீன். இன்னொண்ணு மல்லிகை நாத்து. எங்க ஊர் மணல்ல வேர் பிடிச்ச நாத்து எங்கெங்கேயோ போய் பூத்துக்கிட்டு இருக்கு. உங்க வீட்டு மல்லிகைச் செடிகூட எங்க ஊர்க்காரியா இருக்கலாம், விசாரிச்சுப் பாருங்க :-)

சரி, மேட்டருக்கு வர்றேன்.

பெரியம்மா வீட்டுத் திண்ணையில உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தேன். பேத்தி, மூணாங்கிளாஸ், பாடப் புத்தகத்தை சத்தமா வாசிச்சுட்டு இருந்தா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க வாசிக்கிற வேகம் தெரியுமே, மெயில் வண்டி மாதிரி பாதி ஸ்டேஷன்ல நிக்காம போவா. பெரியம்மா உள்ள மீனு ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அங்கேர்ந்தே ஒரு சத்தம்.

"ஏய், கொம்ப விட்டுட்டுப் போறியே, திரும்பப் படி!"

எனக்கு டீ புரை ஏறிடுச்சு. ஏன்னா இந்தப் பெரியம்மாவுக்கு நாற்பது வயசு வரைக்கும் கொம்பும் தெரியாது, காலும் தெரியாது, புள்ளியும் தெரியாது. புத்தகத்தைக்கூட பார்க்காம, காதால கேட்டே கொம்பு விழுந்ததைக் கண்டுபிடிக்கிறாங்கன்னா... கொசுவத்தி சுருளை ஒரு சுத்து சுத்திக்கங்க மக்களே, 1987க்குப் போகணும்.

பெரியப்பாவுக்கு நாட்டுப்படகுத் தொழில். சம்மாட்டிகிட்ட வாங்கின கடன் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. பஹ்ரைன்ல மீன் பிடிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு யாரோ சொல்ல, கிளம்பிட்டாரு. கடல்ல பிறந்து, கடல்ல வளர்ந்து, கடன் அடைக்க இன்னொரு கடலுக்குப் போன மனுஷன். பெரியம்மாவுக்கு அப்போ மூணு பிள்ளைங்க. கருவாடு காயப் போடுறது, பாசி எடுக்கக் கடல்ல இறங்குறது, இதுல சோறு.

மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டு மாசத்துக்கு ஒண்ணோ கடுதாசி வரும். ஓரத்துல சிவப்பும் நீலமுமா கோடு போட்ட ஏர்மெயில் கவர். அதைப் படிச்சுக் காட்ட வீட்டுல ஆள் கிடையாது. மூத்த பொண்ணு ரெண்டாவதோட நின்னுட்டா, மத்ததுங்க கைக்குழந்தை. பக்கத்துத் தெருவுல ஓரளவுக்கு எழுத்துக்கூட்டாம படிக்கிறவன் யாருன்னு பார்த்தா... அடியேன். வயசு ஒன்பது.

அந்த வருஷங்கள்ல நான் தெருவுக்கே கடுதாசி படிக்கிற பயலா இருந்தேன். பெரியம்மாவுக்கு மட்டும் இல்ல, இன்னும் நாலஞ்சு வீடு. சம்பளம் பனங்கிழங்கு, கடலைமிட்டாய், பொரிச்ச மீன் ஒரு துண்டு. நல்ல சேதின்னா ரெண்டு துண்டு. கெட்ட சேதின்னா அழுகைக்கு நடுவுல என்னை மறந்துடுவாங்க. அதனால சேதி நல்லபடியா இருக்கணும்னு ஒவ்வொரு தடவையும் சந்தியாகப்பரை வேண்டிக்கிட்டுத்தான் கவரைக் கிழிப்பேன். (வேர்க்காட்டு சந்தியாகப்பர் எங்க எல்லாருக்கும் பொது. கோயில் திருவிழாவுக்கு மதம் பார்க்காம ஊரே கூடும்.)

என் தெரு மட்டும்தான் இப்படின்னு அப்போ நினைச்சேன். ரொம்ப வருஷம் கழிச்சு கலாமோட அக்னிச் சிறகுகள் படிக்கும்போதுதான் எங்க தீவோட பழைய கதை தெரிஞ்சுது. அவரோட சின்ன வயசுல ஜலாலுதீன்னு ஒருத்தர், பின்னாடி கலாமுக்கு மச்சான் ஆனவர், தீவு முழுக்க இங்கிலீஷ்ல எழுதத் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தானாம். யார் வந்து கேட்டாலும் கடிதம் எழுதிக் கொடுப்பாராம். யோசிச்சுப் பாருங்க. ஒரு தீவோட மொத்த மனுவும் ஒரே ஒருத்தர் பேனா வழியா. அவர் நல்ல மனுஷனா இருந்தார், தீவு பிழைச்சுது. அதே இடத்துல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஏன்னா அது நான்தான்.

இதுல இன்னொரு விஷயம் சொல்லணும். பெரியப்பாவுக்கும் எழுதத் தெரியாது. அவர் அங்க ரூம்ல சொல்லச் சொல்ல, கூட இருந்த கன்னியாகுமரிக்கார அண்ணன் ஒருத்தர் எழுதுவாரு. இங்க நான் படிப்பேன். பெரியம்மா பதில் சொல்ல நான் எழுதுவேன், அங்க அந்த அண்ணன் படிச்சுக் காட்டுவாரு. புருஷன் பொண்டாட்டி பேச்சு, நடுவுல ரெண்டு அந்நியன். அதுல ஒருத்தன் ட்ரவுசர் போட்டவன். வசதி இருந்த வீடுகள்ல டேப் ரெக்கார்டர்ல பேசி கேசட் அனுப்பிக்குவாங்க. எங்களுக்கு அந்த வசதியும் இல்ல.

"இங்கு நான் நலம், அங்கு உன் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய ஆவல்"னு ஆரம்பிக்கும். நான் வாத்தியார் முன்னாடி ஒப்பிக்கிற மாதிரி கடகடன்னு படிப்பேன். பெரியம்மா முந்தானையால கையைத் துடைச்சுட்டு எதிர்ல உக்காந்து என் வாயையே பார்த்துட்டு இருப்பாங்க. முடிச்சதும் தாளை வாங்கி ஒரு தரம் தடவிப் பார்ப்பாங்க. பல தடவை தலைகீழாத்தான் பிடிச்சிருப்பாங்க. அப்புறம் மடிச்சு தகரப் பொட்டியில, கல்யாணப் பட்டுக்கு அடியில.

பதில் எழுதுறதும் ஒரு கூத்து. ஒரு மணி நேரம் சொல்லுவாங்க. கோழி அடைக்கு உக்காந்தது, வாடைக்காத்துல கூரை போனது, மூத்தவ பல்லு விழுந்தது... எனக்குக் கை வலிக்கும். வெளியில பசங்க கோலி விளையாடுற சத்தம் கேக்கும். "அனைவரும் நலம், மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை"ன்னு எழுதி ஒட்டிடுவேன். கூரை போனது பெரியப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன்.

இப்ப 1989. ஒரு கடுதாசி. நாலாவது வரியோ அஞ்சாவது வரியோ, "தம்பி வந்து பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். முதலில் வட்டிக் கடனை அடைத்து விடு"ன்னு எழுதியிருந்தது. அந்தத் தம்பி, அதாவது எங்க சித்தப்பா, அதே திண்ணையில கயித்துக் கட்டில்ல படுத்திருக்காரு. முழிச்சிருக்காரு. "என்ன மாப்ள எழுதியிருக்கான் அண்ணன்?"னு கேக்குறாரு வேற. அவர் கை பெருசு. அந்தக் கை என் முதுகுல ஏற்கெனவே ஒரு தரம் விழுந்திருக்கு.

நான் அந்த ரெண்டு வரியைத் தாண்டிட்டேன்.

தனியா இருக்கும்போது சொல்லிக்கலாம்னு நினைச்சேன், சத்தியமா. ஆனா அன்னிக்கு சாயங்காலம் பனங்கிழங்கு அவிச்சாங்க, மறுநாள் பள்ளிக்கூடத்துல பரீட்சை, அப்புறம் மறந்தே போச்சு. இல்ல, மறக்கல. சொன்னா "அப்போ ஏன் படிக்கல"ன்னு கேப்பாங்களேன்னு பயம். அடுத்த வாரம் சித்தப்பா எஞ்சின் ரிப்பேருன்னு சொல்லி நாலாயிரம் ரூபா வாங்கிட்டுப் போனாரு. 1989ல நாலாயிரம். அது திரும்பி வரவே இல்ல. வட்டி குட்டி போட்டு, பெரியம்மா தோடு அடகுக்குப் போச்சு. காதுல ஈர்க்குச்சி சொருகிட்டுத் திரிஞ்சாங்க.

1991ல வளைகுடாப் போர் நேரத்துல பெரியப்பா பயந்துபோய் ஊர் திரும்பிட்டாரு. வந்த மூணாம் நாள் வீட்டுல பெரிய சண்டை.

"நாந்தான் குடுக்காதன்னு எழுதிப் போட்டேனே!"

"ஆத்தா சத்தியமா எனக்கு அப்படி ஒரு சேதி வரல!"

நான் வாசல்ல சொம்புத் தண்ணி குடிச்சுட்டு நின்னேன். வாயைத் திறக்கல. அந்தக் கன்னியாகுமரிக்காரன்தான் எழுதாம விட்டிருப்பான்னு பெரியப்பா முடிவு பண்ணிட்டாரு. எங்கேயோ இருக்கிற மனுஷனுக்கு ஒரு வண்டி திட்டு விழுந்துச்சு. எல்லாம் என் கணக்குல வரவேண்டியது.

அதுக்குக் கொஞ்ச காலம் கழிச்சுத்தான் அறிவொளி வந்துச்சு. இந்தக் காலத்து நண்பர்களுக்காக ரெண்டு வரி: 1988ல தேசிய எழுத்தறிவு இயக்கம்னு மத்திய அரசு ஆரம்பிச்சுது. 1990ல கேரளாவுல எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம்னு அறிவிச்சாங்க. அதைப் பார்த்து தமிழ்நாட்டுலயும் மாவட்டம் மாவட்டமா அறிவொளி இயக்கம். 1991 சென்சஸ்ல தமிழ்நாட்டுப் பொண்ணுங்கள்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 51 சதவீதம்தான். கிட்டத்தட்ட பாதிப் பேரு பெரியம்மா மாதிரிதான் இருந்திருக்காங்க. புதுக்கோட்டையில அறிவொளியோட சேர்த்து பொம்பளைங்க சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது பெரிய கதை, சாய்நாத் எழுதியிருக்காரு. ச.தமிழ்செல்வன் அறிவொளி அனுபவத்தை 'இருளும் ஒளியும்'னு புத்தகமாவே போட்டிருக்காரு. கிடைச்சா விடாதீங்க.

எங்க தெருவுல சொல்லிக் கொடுத்தது ப்ளஸ் டூ முடிச்சுட்டு வீட்டுல இருந்த ஒரு அக்கா. சம்பளம் ஒத்தப் பைசா கிடையாது, எல்லாம் தொண்டுதான். ராத்திரி ஏழு மணிக்கு மேல, தெரு விளக்குக் கம்பத்துக்குக் கீழ, பாய் விரிச்சு. அ, ஆன்னு ஆரம்பிக்க மாட்டாங்க. பட்டா மாதிரி தினம் காதுல விழுற வார்த்தையைக் காட்டி, அதுலேர்ந்து எழுத்தைப் பிரிப்பாங்க. நல்ல ஐடியாதான். நாற்பது வயசு பொம்பளைகிட்ட "அணில்"னு ஆரம்பிச்சா எழுந்து போயிடுவாங்கல்ல.

பெரியம்மா முதல் நாளே போய் உக்காந்துட்டாங்க. பெரியப்பாவுக்கு ஒரே கேலி. "இனிமே கலெக்டராகப் போறியா?" கூட்டுறவு சங்கத்துல ரேகை வெச்சு வெச்சு வெக்கமா இருக்குன்னுதான் எல்லாரும் காரணம் சொன்னாங்க. பெரியம்மா அந்த அக்காகிட்ட சொன்ன காரணம் வேற. எனக்கு அது பின்னாடிதான் தெரிஞ்சுது.

பாசி எடுக்கிற கை எப்படி இருக்கும்னு பார்த்திருக்கீங்களா? பவளப்பாறை கீறிக் கீறி விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கும். துணியைச் சுத்திக்கிட்டுத்தான் கடல்ல இறங்குவாங்க. அந்தக் கையில பென்சில் நிக்காது. அழுத்தி எழுதி சிலேட்டுக் குச்சி உடையும், நோட்டு கிழியும். 'ழ'வைக் கண்டா எரிச்சல். "இந்தக் கழுதைக்கு எத்தன வளைவு!" ரெண்டு மாசம் இப்படியே போச்சு. பாய்ல பதினெட்டுப் பேர் உக்காந்தது ஏழு பேர் ஆச்சு. படகு வந்துட்டா, கருவாடு நனைஞ்சா, பிள்ளைக்குக் காய்ச்சல்னா வகுப்பு போச்சு. அறிவொளியில எல்லாரும் படிச்சுக் கரையேறிட்டாங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. பாதிப் பேர் கையெழுத்தோட நின்னுட்டாங்க, அதையும் சிலர் மறந்துட்டாங்க.

பெரியம்மா நிக்கல. ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது தூரத்துல வர்ற பஸ்ஸைப் பார்த்து "ரா... மே... ஸ்... வ... ரம்"னு கத்தினாங்க. அதுவரைக்கும் பஸ்ஸோட கலரையும் கண்டக்டர் முகத்தையும் வெச்சுத்தான் ஏறுவாங்க. ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ராமநாதபுரம் பஸ்ஸுன்னு நினைச்சு ராமேஸ்வரத்துல போய் இறங்கினவங்க. அன்னிக்குப் பிடிச்ச வெறிதான், கண்ல படுற எல்லாத்தையும் படிக்க ஆரம்பிச்சாங்க. சுவத்து விளம்பரம், பீடிக்கட்டு லேபிள், உரச்சாக்கு, வடை மடிச்சுத் தர்ற பேப்பர். வடையைத் தின்னாம பேப்பரைப் படிச்சுட்டு இருப்பாங்க, பாதிச் செய்தியில எண்ணெய் ஊறிப் போயிருந்தா கடைக்காரர்கிட்ட மீதித் தாளைக் கேப்பாங்க. பஸ்ல போகும்போது ஜன்னல் வழியா ஒவ்வொரு போர்டையும் சத்தமா படிச்சுட்டு வர, எங்க அக்காவுக்கு மானம் போச்சு. "அம்மா, மனசுக்குள்ள படி!"ன்னா, "மனசுக்குள்ள படிக்கிறது எப்படிடி?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. நாம எல்லாம் அதை எப்பக் கத்துக்கிட்டோம், ஞாபகம் இருக்கா?

எனக்கு அப்போ பதினாறு வயசு. ஒரு சாயங்காலம் ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. போனா, தகரப் பொட்டி திறந்து கிடக்கு. முன்னாடி பதினேழு கடுதாசி. வயித்துல ஏதோ கரைஞ்சுது.

"அப்பு, இங்க வா. இது என்ன எழுத்து?"

விரல் வெச்ச இடத்தைப் பார்த்தேன். 'தம்பி'.

மூணு ராத்திரி சிம்னி விளக்குல உக்காந்து அந்த ஒரு கடுதாசியைக் கூட்டிக் கூட்டிப் படிச்சு முடிச்சிருக்காங்க. அந்தக் கிறுக்கல் கையெழுத்து எனக்கே சிரமம். எனக்கு வாய் வரல. தோட்டுக்குப் பதிலா ஈர்க்குச்சி சொருகின காது கண்ணு முன்னாடி இருக்கு.

"பயந்துட்டியா அன்னிக்கு? அவன் படுத்துக் கெடந்தானே?"

தலையை ஆட்டினேன். திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"சரி போ. வேற எத்தனை எடத்துல விட்ட?"

இதுக்குத்தான் எனக்கு இன்னும் பயம். ஏன்னா வேற இடங்களும் இருந்துச்சு. அது பண விஷயம் இல்ல. சில கடுதாசிகள்ல கடைசியில, பெரியப்பா பெரியம்மாவுக்குன்னு ரெண்டு மூணு வரி சொல்லியிருப்பாரு. புருஷன் பொண்டாட்டிக்கு எழுதுறது. பத்து வயசுப் பய அதை எப்படிங்க சத்தமா படிப்பான், தெருவே உக்காந்திருக்கும்போது? கூச்சத்துல "மற்றவை நேரில்"னு சொல்லி மடிச்சுக் கொடுத்துடுவேன். நாலு வருஷம் அந்தப் பொம்பளை தன் புருஷன்கிட்டேர்ந்து பிள்ளைங்க சுகம், பணம் விவரம் தவிர ஒரு வார்த்தை கேட்கல. வார்த்தை எல்லாம் வந்து பட்டுப் புடவைக்கு அடியிலதான் கிடந்துச்சு.

அதையும் அவங்களே கண்டுபிடிச்சாங்க. பெரியப்பா திண்ணையில கால்விரல்ல வலையை மாட்டிக்கிட்டு பொத்தல் பார்த்துட்டு இருந்தாரு. பெரியம்மா எதிர்ல உக்காந்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறாங்க. வலையில ஒவ்வொரு முடிச்சு போடும்போதும் உன் ஞாபகம் வருதுன்னு ஒரு வரி. பெரியப்பா கை அப்படியே நின்னுடுச்சு.

"ஏய், நா எங்க அப்படியெல்லாம் சொன்னேன்? சாப்ட்டியா, பிள்ளைக எப்படின்னுதான் சொன்னேன். அந்தக் கன்னியாகுமரிப் பய சேத்து எழுதிருக்கான்!"

"வலை முடிச்சு அவனா போட்டான்?"

"அவனுந்தான் போட்டான்! அவனும் மீன் புடிக்கத்தான் வந்தான்!"

பெரியம்மா ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. அப்புறம் அடுத்த வரியை வாசிக்க ஆரம்பிச்சாங்க. பெரியப்பா வலையை அப்படியே போட்டுட்டு பீடி வாங்கப் போறேன்னு எழுந்து போனவரு ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வந்தாரு. சொன்னாரா, சேர்த்து எழுதினதான்னு இன்னிக்கு வரைக்கும் வழக்கு தீரல. கேட்டா இப்பவும் இல்லன்னுதான் சொல்றாரு. எழுபத்தெட்டு வயசுல அவ்வளவு வேகமா எழுந்து போற மனுஷனை நான் பார்த்ததில்ல :-)

இன்னொண்ணு சொல்லாம விட்டா மனசு கேக்காது. 2014 அக்டோபர் 30. எங்க ஊர் மீனவங்க அஞ்சு பேருக்கு கொழும்பு கோர்ட்டுல தூக்குன்னு தீர்ப்பு வந்த நாள். 2011லேர்ந்து உள்ள இருந்தவங்க. ஊரே ரோட்டுக்கு வந்துடுச்சு. அடுத்த நாள் பேப்பரை பெரியம்மாதான் தெருவுல இருந்த கிழவிங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டியிருக்காங்க. டிவியில பார்த்தாச்சு, ஆனாலும் எழுத்துல என்ன போட்டிருக்குன்னு தெரியணும்னு அவங்களுக்கு. அந்தக் கூட்டத்துல அந்தப் பிள்ளைங்களுக்குச் சொந்தக்காரப் பாட்டி ஒருத்தங்களும் இருந்தாங்களாம். "எல்லாத்தயும் படிச்சியாடி, விட்டுட்டியா?"ன்னு அந்தப் பாட்டி கேட்டாங்களாம். "ஒரு எழுத்து விடல"ன்னு சொல்லி, திரும்ப முதல்லேர்ந்து படிச்சாங்களாம். இதை எனக்கு போன்ல சொல்லும்போது பெரியம்மா வேணும்னு எதுவும் குத்திக் காட்டல. எனக்குத்தான் குத்துச்சு. நல்லவேளை, நவம்பர்லயே மன்னிப்பு கிடைச்சு அஞ்சு பேரும் வீடு வந்து சேர்ந்தாங்க. அந்தப் பேப்பரையும் அவங்கதான் படிச்சாங்க.

போன மாசம் டீ குடிச்சு முடிச்சதும் மெதுவா கேட்டேன். "பெரியம்மா, அந்தக் கடுதாசியெல்லாம் இன்னும் இருக்கா? ஒரு தரம் காட்டுங்களேன், எழுதலாம்னு இருக்கேன்."

மீன் கழுவின கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே வெளியில வந்தாங்க. கண்ணாடி மூக்கு நுனியில.

"இருக்கு இருக்கு. நீ படிச்சது போதும். அது எனக்கு வந்தது."

சொல்லிட்டு பேத்தி பக்கம் திரும்பி, "நீ என்னடி நிறுத்திட்ட, படி"ன்னாங்க.